டயர் இழை போட்ட உயர்வலிமைக் கான்கிரீட்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

கோவைக்கு வெளியே ஒரு ப்ரீகாஸ்ட் யார்டில், அதாவது கான்கிரீட் உறுப்புகளை அச்சில் வார்த்து அனுப்பும் இடத்தில், தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். வடிகால் மூடி, கேபிள் பாதை மூடி, மெல்லிய சுவர்ப் பலகை, இவைதான் எங்கள் அன்றாடச் சரக்கு. எம்70 கலவையில் (28 நாளில் சதுர மி.மீ.க்கு 70 நியூட்டன், அதாவது 70 எம்.பி.ஏ. அழுத்தம் தாங்க வேண்டியது) பழைய டயரிலிருந்து பிரித்த இரும்பு இழையைப் போட ஆரம்பித்த நாளிலிருந்து அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் மாறி மாறி வருகின்றன. புது ஆள் வரும்போதெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதற்கு, எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

யார்டில் எல்லாரும் ‘டயர் கம்பி’ என்றுதான் சொல்வார்கள். முறுக்குக் கம்பியோடு குழம்பக் கூடாது என்பதால் இங்கே இழை என்கிறேன்.

கீழே வரும் எண்கள் இந்தக் கலவைக்கானவை. ஒரு கன மீட்டருக்கு 53 கிரேடு சிமெண்ட் 440 கிலோ, ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) 80, சிலிக்கா ஃபியூம் (மிக நுண்ணிய சிலிக்கா தூள்) 40, தண்ணீர் 150 லிட்டர், 12.5 மி.மீ. ஜல்லியும் எம்.சாண்டும் சேர்ந்து 1,685 கிலோ, பி.சி.இ. வகை அட்மிக்ஸர் (கலவையை இளக்கும் திரவம்), டயர் இழை 40 கிலோ. பவுடருக்கு (சிமெண்ட், ஃபிளை ஆஷ், சிலிக்கா ஃபியூம் மூன்றும்) தண்ணீர் விகிதம் 0.27 பக்கம். எங்கள் பான் மிக்சர் ஒரு தடவைக்கு அரை கன மீட்டர் கலக்கும். அதற்கு 20 கிலோ இழை, சரியாக ஒரு சாக்கு. உங்கள் கலவை வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். பார்க்கிற வரிசையை மாற்ற வேண்டாம்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் சாக்கைப் பிரியுங்கள்

ஒரு ஆடி மாதம் மூன்று நாள் மிக்சரோடு மல்லுக்கட்டினேன். பிளேடு தேய்ந்துவிட்டதா, மோட்டார் சுற்று குறைகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாயிற்று. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மேஸ்திரி கடைசியில், “மிக்சர்ல ஒண்ணுமில்லீங்க சார், சாக்கப் பிரிச்சுப் பாருங்க” என்றார். பிரித்தால் உள்ளே பாதி இரும்பு, பாதி தலையணைப் பஞ்சு. சப்ளையர் சொல்லாமல் கொள்ளாமல் சரக்கை மாற்றியிருந்தார்: லாரி ரேடியலுக்குப் பதிலாகக் கார் டயர்.

வித்தியாசம் இதுதான். லாரி ரேடியல் டயரில் உடம்பு முழுக்க இரும்பு இழை. கார் ரேடியலில் பெல்ட்டில் இரும்பு இருக்கும், உடம்பு பாலியஸ்டர். பழைய நைலான் லாரி டயரில், ரிம்மைப் பிடிக்கும் ஓரத்துத் தடித்த கம்பியான பீடு வயரைத் தவிர இரும்பே கிடையாது. எந்த டயர் என்று கேட்காமல் வாங்கினால் எது வேண்டுமானாலும் வரும்.

அதிலிருந்து ஒவ்வொரு லோடிலும் மூன்று சாக்கைப் பிரித்துப் பார்க்கிறோம். கால் மணி நேர வேலை:

ஒரு கிலோ எடுத்து வெள்ளைத் தார்ப்பாயில் உதறுங்கள். காந்தத்தை மேலே ஓட்டி இழையை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது உதிரி ரப்பரும் பஞ்சும். அதை எடை போடுங்கள். எங்கள் யார்டு வரம்பு 20 கிராம். அதற்கு மேல் போனால் சாக்கு திரும்பிப் போகும்.

காந்தம் எடுத்ததில் ஒரு கைப்பிடியை, உப்பு கரையாமல் அடியில் தங்கும் வரை உப்புப் போட்ட தண்ணீரில் கலக்குங்கள். ரப்பர் தூள் சாதாரணத் தண்ணீரில் மூழ்கிவிடும், கெட்டி உப்புத் தண்ணீரில் மிதக்கும். இழைக்குள் சிக்கிக் காந்தத்தோடு வந்த ரப்பரை இப்படிப் பிடிக்கலாம். அந்தக் கைப்பிடி இழையைக் குப்பையில் போடுங்கள், கான்கிரீட்டுக்குள் உப்பு போகக் கூடாது.

நூறு இழையை எண்ணி எடுத்துக் கட்டத்தாளில் வரிசையாக வையுங்கள். நல்ல இழை 0.2 முதல் 0.3 மி.மீ. தடிமனில் கொஞ்சம் வளைந்து நெளிந்து இருக்கும். நூறில் குறைந்தது அறுபது 15 முதல் 40 மி.மீ. நீளத்துக்குள் வர வேண்டும் என்பது எங்கள் கணக்கு. ஊசி மாதிரி தடித்த துண்டுகள் தெரிந்தால் அது பீடு வயர். பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு இழையை விரலில் மடக்கி விடுங்கள். டயர் இழை 2,000 எம்.பி.ஏ.க்கு மேல் இழுவிசை தாங்கும் இரும்பு, ஸ்பிரிங் மாதிரித் திரும்பி நிமிரும். மடக்கிய இடத்தில் அப்படியே நின்றால், பைரோலிசிஸ் உலையில் (டயரைக் காற்றில்லாமல் சூடாக்கிப் பிரிக்கும் உலை) சூடு தாண்டி வெந்த சரக்கு. கையில் கரி ஒட்டினாலும் உலைச் சரக்குதான். அதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் கீழே சொல்லும் சில கோளாறுகளுக்கு அந்தக் கரி காரணமாகும்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்த இழை தோலுக்குள் போனால் முள் மாதிரி வெளியே வராது, முறிந்து உள்ளே தங்கும். வேலை முடிந்ததும் தரையில் காந்தத்தை ஓட்டிவிடுங்கள். டயரிலிருந்து வந்த இழை என் பைக் டயரை இரண்டு முறை பழி வாங்கியிருக்கிறது.

## கோளாறு 1: மிக்சருக்குள் இழை உருண்டை கட்டுகிறது

எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை வரும். ஒரு உருண்டையை எடுத்துக் கையால் பிரித்து உள்ளே பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

உள்ளே காய்ந்து கிடந்தால், அது சாக்கிலிருந்தே உருண்டையாக வந்தது. தண்ணீர் படும் முன்பே சிக்கிக்கொண்டது. மிக்சரை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பிரியாது, இன்னும் இறுகும்.

உள்ளே சிமெண்ட் பால் நிறைந்திருந்தால், மிக்சருக்குள் உருவானது. கொட்டிய வேகம், வரிசை, கலவையின் பசை (பவுடரும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு), இவற்றில் ஒன்று.

காய்ந்த உருண்டைக்கு:

சாக்கை அப்படியே கவிழ்த்தார்களா என்று கேளுங்கள். பத்துக்கு எட்டு தடவை இதுதான் காரணம். நீங்கள் நின்று பார்க்கும்போது ஒழுங்காகத் தூவுவார்கள், நீங்கள் டீ குடிக்கப் போனதும் சாக்கு கவிழும். 25 மி.மீ. கண் உள்ள இரும்பு வலையைச் சட்டம் போட்டு மிக்சர் வாய் மேல் வைத்துவிட்டோம். அதன் மேல் உதறித்தான் தள்ள முடியும், கவிழ்க்க முடியாது. செலவு ஒரு நாள் வெல்டிங் கூலி.

அடுத்தது நீளம். 50 மி.மீ.க்கு மேல் போன மெல்லிய இழை நாலைந்து இருந்தாலே போதும், மற்றதையெல்லாம் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். கட்டத்தாள் சோதனையில் நீளமானவை நூறில் ஐந்துக்கு மேல் வந்தால் அந்தச் சாக்கைத் தனியாக வையுங்கள். பஞ்சு இருந்தாலும் இதே கதை. பஞ்சு நடுவில் இருக்கும், இழை அதைச் சுற்றிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் சாக்கு நனைந்து உள்ளே துருப்பிடித்துக் கட்டியாகியிருக்கும். லேசான துருவால் பலத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒட்டிக்கொண்ட கட்டி பிரியாது. சாக்கைப் பலகை மேல் அடுக்கி, மேலே ஷீட் போடுங்கள்.

பசை நிறைந்த உருண்டைக்கு:

எங்கள் வரிசை இது. ஜல்லியும் எம்.சாண்டும் முதலில், மிக்சர் ஓட ஓட இழையை வலை மேலிருந்து இரண்டு மூன்று நிமிடத்தில் தூவி முடிப்பது, பிறகு பவுடர், பிறகு தண்ணீரும் அட்மிக்ஸரும். ஜல்லி உருண்டு உருண்டு இழையைப் பிரித்துவிடும். ஈரக் கலவையில் கடைசியாகப் போடுகிறவர்களும் உண்டு. அது முடியாத காரியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கலவை நன்றாக இளகிய பிறகே தூவ வேண்டும். பாதி இளகிய நிலையில் தூவுவதுதான் மோசம்.

வரிசை சரி, தூவியதும் சரி, அப்படியும் உருள்கிறதா? இழையைக் கன மீட்டருக்கு 30 கிலோவாகக் குறைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். உருளவில்லை என்றால் உங்கள் கலவையில் பசை போதவில்லை. ஜல்லியைக் கொஞ்சம் குறைத்துப் பவுடரையும் மணலையும் கூட்ட வேண்டும். 30 கிலோவிலும் உருண்டால்தான் மிக்சர் பக்கம் திரும்ப வேண்டும். பிளேடுக்கும் பான் அடித்தட்டுக்கும் இடைவெளி கூடியிருக்கும். சாய்த்துக் கொட்டும் டிரம் மிக்சரில் இந்த அளவு இழையோடு 0.27 கலவை போடுவது தலைவலி. அதைச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டியது எப்போது: நாளுக்கு இருபது முப்பது தடவைக்கு மேல் கலக்குகிறீர்கள், வலை போட்டும் உருள்கிறது என்றால், அதிரும் தட்டில் இழையைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பென்சர் தேவை. அதற்கு மிக்சர் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

## கோளாறு 2: இழை போட்டதும் கலவை விறைத்துப்போகிறது

இது கோளாறே இல்லாமலும் இருக்கலாம். இழை போட்ட கலவை கூம்பை எடுத்ததும் விறைப்பாக நிற்கும், வைப்ரேட்டர் வைத்தால் சாதுவாக ஓடும். ஆகவே ஸ்லம்ப் எண்ணை, அதாவது கூம்பை எடுத்ததும் கலவை எவ்வளவு சரிகிறது என்பதை, பார்த்துப் பதற வேண்டாம். டேபிள் வைப்ரேட்டரில் ஒரு அச்சை வைத்து ஓட்டிப் பாருங்கள். மூலை வரை போய் மேலே பளபளப்பு வந்தால் கலவை நன்றாகத்தான் இருக்கிறது. அதிர வைத்தால் கலவை எத்தனை நொடியில் மட்டமாகிறது என்று பார்க்கும் வீ-பீ சோதனைக் கருவி இருந்தால் அந்த நொடிக் கணக்கை எழுதி வையுங்கள், ஸ்லம்பை விட அது நம்பகமானது.

வைப்ரேட்டரிலும் ஓடவில்லை என்றால்:

முதலில் எம்.சாண்ட் ஈரம். கன மீட்டருக்கு 700 கிலோ எம்.சாண்ட் போகிறது. ஈரக் கணக்கில் ஒரு சதவீதம் தப்பினால் 7 லிட்டர் தண்ணீர் கூடும் அல்லது குறையும். அரை கிலோ எம்.சாண்டை வாணலியில் வறுத்து எடை போட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து, அதே கலவையை இழை இல்லாமல் ஒரு தடவை ஓட்டுங்கள். அப்போதும் விறைப்பு என்றால் இழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சிமெண்ட் லாட் மாறியிருக்கும், எம்.சாண்டில் டஸ்ட் கூடியிருக்கும், அல்லது கலவை சூடாகியிருக்கும். சித்திரை வெயிலில் ஜல்லிக் குவியல் மேல் தண்ணீர் தெளிப்பதும், கலக்கும் தண்ணீரில் ஐஸ் போடுவதும் வழக்கம்தான்.

இழை இல்லாமல் நன்றாக ஓடி, இழை போட்டதும் மட்டும் செத்துப்போகிறதா? கரியைச் சந்தேகியுங்கள். உலைச் சரக்கில் ஒட்டியிருக்கும் கரித்தூள் அட்மிக்ஸரைக் குடித்துவிடும். சல்லடையில் போட்டு உதறினாலே பாதி போய்விடும்.

எதுவானாலும் மிக்சரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரை கன மீட்டரில் அரை வாளி, அதாவது 5 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.27லிருந்து 0.29 பக்கம் போய்விடும். எம்25 தளத்தில் அது யார் கண்ணிலும் படாமல் போகலாம். எம்70ல் 28 நாள் கழித்து கியூப் (உடைத்துப் பார்க்க வார்க்கும் கனசதுரக் கட்டி) காட்டிக்கொடுக்கும். இளக்கம் வேண்டுமென்றால் அட்மிக்ஸரைக் கொஞ்சம் கூட்டுங்கள், கூட்டியபின் இரண்டு நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். பி.சி.இ. உடனே வேலை செய்யாது. அவசரப்பட்டு இரண்டாவது முறையும் ஊற்றினால் ஜல்லி தனியே, பால் தனியே பிரியும், கனமான இழை அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆளைக் கூப்பிட வேண்டியது எப்போது: அட்மிக்ஸரை அந்தக் கம்பெனி சொன்ன மேல் வரம்பு வரை கூட்டியும் ஓடவில்லை என்றால், அவர்களுடைய டெக்னிகல் ஆளையே வரச் சொல்லுங்கள். உங்கள் சிமெண்டும் உங்கள் இழையும் ஒரு சாக்கு தயாராக இருக்கட்டும், வெறும் பேச்சில் தீராது.

## கோளாறு 3: கியூப் பலம் வரவில்லை

முதலில் ஒரு விஷயம். இழை போட்டால் அழுத்த பலம் கூடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாறுவார்கள். இந்த அளவில் போட்டால் கூடுவது சொற்பம். இழையின் வேலை, விரிசல் விட்ட பிறகு பிடித்துக்கொள்வது. ஆகவே கேள்வி ‘ஏன் கூடவில்லை’ என்பதாக இருந்தால் கோளாறு எதுவும் இல்லை. ‘ஏன் குறைந்தது’ என்றால் வாருங்கள்.

கியூபை எடை போடுங்கள். உடைக்கும் முன்பு, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு. இந்த ஒரு சோதனையை யாரும் செய்வதில்லை, ஆனால் எனக்கு அதிகம் உதவியது இதுதான். 150 மி.மீ. கியூபின் கொள்ளளவு 3.375 லிட்டர். எங்கள் கலவைக்கு எடை 8.2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். உள்ளே ஒரு சதவீதம் காற்று கூடினால் எடையில் ஏறக்குறைய 80 கிராம் குறையும். ஒரு சதவீதக் காற்றுக்கு ஐந்து சதவீத பலம் போகும் என்பது பழைய கணக்கு. 8 கிலோ கியூப் வந்தால், உடைக்காமலே சொல்லிவிடலாம்: பலத்தில் பத்து பதினைந்து சதவீதம் போயிற்று.

எடை குறைந்தால் காற்று. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்: கியூபை டேபிளில் அதிர வைக்காமல் கம்பியால் குத்தி நிரப்பியது, சாக்கில் ரப்பர் தூள், பஞ்சு (ரப்பர் தண்ணீரை ஒட்டவிடாது, அதைச் சுற்றிக் காற்று நிற்கும்), அட்மிக்ஸர் லாட். உடைந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் ரப்பர். கடலைப் பருப்பு அளவு உருண்டைக் குழிகள் நிறையத் தெரிந்தால் அதிர்வு போதவில்லை.

எடை சரி, பலம் மட்டும் இல்லை என்றால் சோதனை மெஷினைப் பாருங்கள். எம்70க்கு நாம் குறிவைக்கும் சராசரி 80 எம்.பி.ஏ. 150 கியூபில் அது 1,800 கிலோ நியூட்டன். பல லேப்களில் இருப்பது 2,000 கிலோ நியூட்டன் மெஷின். உச்சிக்கு அருகில் போய் ஆபரேட்டர் பயந்து நிறுத்திவிடுவார். தவிர, இழை போட்ட கியூப் ‘டமார்’ என்று சிதறாது. ஓரம் விரிந்து, செதில் எழும்பி, உருவம் கலையாமல் நிற்கும். முதல் சடசடப்பிலேயே நிறுத்திவிட்டு ‘உடைந்தது’ என்று எழுதிய லேப் ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. உடனிருந்து பாருங்கள். ஐ.எஸ். 516 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் வேகத்தில் ஏற்றினால் 150 கியூபுக்கு நிமிடத்துக்கு 315 கிலோ நியூட்டன். 1,800 வரை போக ஆறு நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் முடித்தால் அந்த எண் நிஜத்தை விடக் கூடுதல்.

கியூபின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இழையையும் பாருங்கள். தட்டுக்கும் கியூபுக்கும் நடுவில் ஒரே ஒரு பீடு வயர் துண்டு மாட்டினால் போதும், ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறும். அரம் போட்டுத் தேய்த்துவிட்டு வையுங்கள். மட்டம் தட்டிய மேல்முகம் தட்டைத் தொடக் கூடாது என்பது தெரிந்ததே.

எடை சரி, மெஷின் சரி என்றால் தண்ணீர்தான். அன்றைய பேட்ச் சீட்டை எடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டியது எப்போது: ஒரே நாள் சரக்கின் மூன்று கியூபும் 70க்குக் கீழே போய், சரக்கு லோடாகிப் போய்விட்டது என்றால் நீங்களே சமாதானம் எழுதாதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டு, சரக்கைத் துளைத்துக் கோர் (உருளைத் துண்டு) எடுக்கச் சொல்லுங்கள். ஐ.எஸ். 456 கணக்கில் கோர்களின் சராசரி அந்த கிரேடின் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. முகத்தில் தட்டி எதிர்த்துத் துள்ளுவதை வைத்துப் பலம் சொல்லும் ரீபவுண்ட் சுத்தியலை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

## கோளாறு 4: பீம் சோதனையில் ஒரே அடியாக உடைந்து விழுகிறது

பீம் சோதனை என்பது கான்கிரீட் விட்டம் ஒன்றை வளைத்து உடைத்துப் பார்ப்பது. இழைக்கு ஆன செலவெல்லாம் வீணானது மாதிரி இருக்கும். விரிசல் விட்ட பின்னும் சுமையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியது, பலகைத் துண்டு மாதிரி இரண்டாகிவிடும்.

உடைந்த இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இழையே தெரியவில்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் குவிந்திருக்கிறது என்றால் பங்கீடு தப்பு. அடுத்த கலவையில் கழுவிப் பாருங்கள். மிக்சர் கொட்டும்போது ஆரம்பம், நடு, கடைசி என்று மூன்று 10 லிட்டர் வாளி பிடித்து, சல்லடையில் கழுவி, இழையைக் காந்தத்தால் எடுத்து, காயவைத்து எடை போட வேண்டும். 40 கிலோவுக்கு ஒரு வாளியில் 400 கிராம் வர வேண்டும். 340க்குக் கீழே ஒன்றும் 460க்கு மேலே ஒன்றும் வந்தால் கலப்பது சரியில்லை, கோளாறு 1க்குப் போங்கள். மூன்றுமே சரி, பீமில் மட்டும் அடியில் குவிந்திருக்கிறது என்றால் அதிக நேரம் அதிர வைத்திருக்கிறீர்கள். நீடில் வைப்ரேட்டர் போட்டால் அது இறங்கிய இடத்தில் இழையில்லாத குழாய் மாதிரி ஒரு பகுதி நின்றுவிடும். பீமுக்கு டேபிள்தான்.

இழை நிறைய நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் எல்லாம் 5 மி.மீ.க்குள் என்றால் சரக்கு குட்டை. பிடிப்புக்கு நீளம் போதவில்லை, உருவி வந்துவிட்டது. இழை பளபளவென்று எண்ணெய் பூசினாற்போல உருவியிருந்தால் உலைச் சரக்கின் எண்ணெய்ப் படலம்.

இழை விரிசலில் வெட்டுப்பட்டு நின்றால் வெந்துபோன சரக்கு. விரல் மடக்கும் சோதனையைச் செய்யுங்கள். எம்70 மாதிரி இறுக்கமான கான்கிரீட் இழையை விடாமல் பிடிக்கும், பலவீனமான இழை உருவ முடியாமல் அறுந்துபோகும். பலமான டயர் இழை இந்த கான்கிரீட்டுக்குப் பொருந்துவதும் அதனால்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் கொஞ்சம் செலவுள்ள வழி: கடையில் வாங்கும், முனை வளைந்த கொக்கி இழையைப் பாதியாகவும் டயர் இழையைப் பாதியாகவும் கலப்பது. மெல்லியது சிறு விரிசலைப் பிடிக்கும், கொக்கி பெரிய விரிசலைப் பிடிக்கும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் கைப்ரோஸ் பிலகூட்டாஸ் குழுவினர் இப்படிப்பட்ட கலப்பைப் பல வருடமாகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் கனமான மூடிகளுக்கு நாங்களும் அப்படித்தான் போடுகிறோம்.

ஆளைக் கூப்பிட வேண்டியது எப்போது: இதில் சீக்கிரமே கூப்பிடலாம். சாதாரண பீம் மெஷினில் சுமையை மட்டும்தான் கட்டுப்படுத்த முடியும். விரிசல் விட்டதும் மெஷினே பீமை உடைத்துவிடும், நல்ல இழையும் கெட்ட இழை மாதிரித் தெரியும். ஈ.என். 14651 என்ற ஐரோப்பியத் தரநிலை முறையில் விரிசல் அகலத்தைப் பார்த்துப் பார்த்துச் சுமை ஏற்றும் மெஷின் வேண்டும். சென்னை தரமணியில் உள்ள எஸ்.இ.ஆர்.சி. (கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம்) போன்ற இடங்களில் கேளுங்கள். டிசைனில் இழையை நம்பி முறுக்குக் கம்பியைக் குறைக்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனை இல்லாமல் ஒரு கம்பியையும் எடுக்காதீர்கள்.

## கோளாறு 5: ஊற்றிய சில மணி நேரத்தில் மேலே விரிசல்

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது எங்களுக்கு வருடாவருடம் வரும். 0.27 கலவையில் மேலே தண்ணீர் கசியாது. காற்று இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், முகம் முதலையின் முதுகு மாதிரி வெடிக்கும். இழை போட்டிருக்கிறோமே என்று நம்பி விட்டுவிடுவதுதான் தப்பு. இழை விரிசலை மெல்லியதாக்கும், தடுக்காது.

மட்டம் தட்டியதும், ‘அப்புறம் மூடிக்கலாம்’ என்று சொல்லாமல், பாலித்தீன் ஷீட் போடுங்கள். காற்றுப் பக்கம் மறைப்பு கட்டுங்கள். பனி மாதிரித் தெளிக்கலாம், ஹோஸ் பிடித்து ஊற்றக் கூடாது. இறுகும் முன் விரிசல் தெரிந்தால் மட்டப்பலகையால் மறுபடி அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும்.

மறுநாள் அச்சு பிரிக்கும்போது புதிதாக விரிசல் என்றால் அது வேறு: சூடான சரக்கைக் காற்றில் திறந்ததாலோ, தன்னாலே சுருங்கியதாலோ வந்தது. அச்சு பிரித்ததும் ஈரச் சாக்கு, ஃபிளை ஆஷ் இருப்பதால் குறைந்தது பத்து நாள். விரிசல் சரக்கின் மறுபக்கம் வரை ஊடுருவியிருந்தால் அந்தச் சரக்கை ஒதுக்கி வைத்து இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

## கோளாறு 6: மேலே இழை நீட்டுகிறது, பிறகு துருப் புள்ளி

பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஒன்றுமில்லை. முகத்தில் தெரியும் இழை துருப்பிடிக்கும், மெல்லிய இழை என்பதால் கான்கிரீட்டைப் பிளக்காது. உள்ளே இருப்பது காரத்தன்மையில் பத்திரமாக இருக்கும். கட்டிங் பிளையரால் வெட்டி, கிரைண்டரில் லேசாகத் தட்டினால் போதும். வீட்டுச் சுவர்ப் பலகை மாதிரிக் கைபடும் சரக்கு என்றால் தெரியும் முகத்தை அச்சின் அடிப்பக்கம் வருகிற மாதிரி ஊற்றுங்கள்.

புள்ளிகள் ஒரே கோட்டில் வரிசையாக வந்தால் கதை வேறு. அடியில் முறுக்குக் கம்பி துருவேறுகிறது என்று அர்த்தம். அப்போது இன்ஜினியர் பார்க்க வேண்டும். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டர் வைத்து நீங்களே அளக்கப் போனால் இழை அதைக் குழப்பி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். சின்னதாக ஒரு இடத்தில் கொத்திப் பார்த்து மீட்டரைச் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

## கோளாறு 7: தீயில் தெறித்தது

எங்கள் சரக்கில் நடந்ததில்லை, கேட்கிறவர்கள் உண்டு. சிலிக்கா ஃபியூம் போட்ட இறுக்கமான கான்கிரீட் தீயில் செதில் செதிலாக வெடிக்கும். இரும்பு இழை அதை நிறுத்தாது. அதற்குக் கன மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் பாலிபுரொப்பிலீன் இழை போட வேண்டும் என்று ஐரோப்பியக் கட்டுமான விதித்தொகுப்பு (யூரோகோட்) சொல்கிறது. தீத்தாங்கும் நேரம் கேட்கப்படும் இடமென்றால் ஆரம்பத்திலேயே டிசைன் இன்ஜினியரிடம் போங்கள். சுட்டு வெடித்த உறுப்பைப் பூசி மறைக்க வேண்டாம்.

## திருப்பி அனுப்ப முடியாத சாக்குகள்

பணம் கொடுத்தாயிற்று, சப்ளையர் போன் எடுக்கவில்லை, யார்டில் முப்பது சாக்கு கிடக்கிறது. பஞ்சு அதிகம் என்றால் ஊதுகுழாய் வைத்த சாய்வுத் தட்டில் உதறினால் நிறையப் பறந்துவிடும். நீளம் அதிகம் என்றால் வலையில் தங்கியதைத் தனியே வையுங்கள். ரப்பர் ஒட்டிய சரக்கை எம்70 பக்கமே கொண்டுவராதீர்கள். நடைபாதை ஓரக் கல், தோட்டத்துத் தூண் அடி என்று எம்25ல் கன மீட்டருக்கு 15 கிலோவாகப் போட்டுத் தீர்த்தோம். வெந்துபோன சரக்கை அதற்குக்கூடப் போடவில்லை. பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டார்.